மேசையில் வைக்கப்பட்ட பெயர்

அந்த வருடம் முழுக்க நான் செத்தவர்களைப் பற்றியே எழுதினேன். அது ஆசிரியரின் கட்டளை. வெம்பிளியில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் எங்கள் வாரப் பத்திரிகை தயாரானது. வியாழக்கிழமைகளில் தமிழ்க் கடைகளின் வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். விலை இல்லை. ஊரில் போர்நிறுத்தம் நிலவிய காலம். எதை எழுதினாலும் ஒரு தரப்புக்கு நோகும் என்பதால் ஆசிரியர் ஒரு வழி கண்டிருந்தார்.

"எங்கட பிரச்சினை வேண்டாம் தம்பி. எங்கட ஆக்கள் இல்லாத நாடாப் பாரும். உயிரோடை இருக்கிறவையும் வேண்டாம். கிழமைக்கு அரைப் பக்கம்."

"அப்ப ஆரைப் பற்றி எழுதுறது?"

"செத்தவையைப் பற்றி எழுதும். அவை கடை வாசலுக்கு வந்து பேப்பரைக் கொளுத்தமாட்டினம்."

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். லண்டனில் வார நாட்களில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. வார இறுதியில் பத்திரிகை. வீடு தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில். அங்குள்ள நூலகத்தில் வரலாற்றுத் தட்டின் கீழ்வரிசையில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் கட்சிகளும், வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையில் நடந்த இழுபறியும் அதன் பொருள். அதில் வந்த எல்லோரும் செத்துப்போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. அதுவே போதும் என்று எடுத்து வந்தேன்.

தொடர் தொடங்கியது. தெற்கு அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்தது, வடக்கு மெல்ல மெல்ல அதைக் கைவிட்டது என்று முதலில் எழுதினேன். பிறகு கட்சிகளுக்கு வந்தேன். பெரிய கட்சிகள் இரண்டு. இரண்டிலும் வடக்காரும் இருந்தார்கள், தெற்காரும் இருந்தார்கள். வங்கி பற்றியும் இறக்குமதி வரி பற்றியும் வீதி போடுவது பற்றியும் இரண்டும் விடாமல் சண்டை பிடித்தன. அடிமை முறை பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. திறந்தால் இரண்டு கட்சிகளும் நடுவாலே பிளந்துவிடும். சண்டை பிடித்த விசயங்கள் அவர்களைப் பிரித்துவைத்தன, பேசாமல் விட்ட விசயம் அவர்களை ஒட்டவைத்திருந்தது என்று ஒரு பகுதியை முடித்திருந்தேன்.

வாசகர்கள் படித்தார்களா என்று தெரியாது. எங்களிடம் தட்டச்சு செய்து பக்கம் அமைத்தவர் சென்னையிலிருந்து படிக்க வந்த ஓர் இளைஞர். அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நான் டைப் பண்றதோட சரி சார். படிக்கவெல்லாம் மாட்டேன். படிச்சா தப்பு வந்துடும்" என்றார்.

மிச்சத்தில் ஓர் ஊர்ச் சங்கம் இருந்தது. வடமராட்சிப் பக்கத்து ஊரொன்றிலிருந்து வந்து லண்டனில் குடியேறியவர்களின் சங்கம். எனக்கு அந்த ஊர் இல்லை. அவர்களின் கூட்டச் செய்தியை நாங்கள் படத்துடன் போடுவோம் என்பதால் போய் வருவேன். முதல்முறை போனபோது வாசலில் நின்றவர், "தம்பி எவடம்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். "அதிலை எவடம்?" என்றார். கோயிலடி என்றேன். "எந்தக் கோயில்?" என்றார். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடை அவருக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும், தேத்தண்ணி வந்தது.

சங்கத்துக்குள்ளே இரண்டு அணிகள். ஊரின் வடக்குக் குறிச்சியார் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். தெற்குக் குறிச்சியார் முதலில் வாசிகசாலையைக் கட்ட வேண்டும் என்றார்கள். கூட்டம் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் நடக்கும். தரையில் பட்மின்ரன் கோடுகள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வடக்கார், அந்தப் பக்கம் தெற்கார். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை.

தலைவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். விதிமுறையில் அவருக்குப் பெரும் பற்று. குழி விழுந்த கன்னம், நெற்றியிலிருந்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் நரை முடி. நூலகப் புத்தகத்தில் தெற்கு மாநிலத்துத் தலைவர் ஒருவரின் படம் இருந்தது. முகம் அதே முகம். பார்வையும் அதுவே, தனக்கு முன்னால் இருப்பவரைத் தாண்டி வேறெதையோ பார்க்கிற பார்வை. முகச்சாடையைச் செய்தியாக்கக் கூடாது என்று பழக்கப்பட்டவன் நான். ஆனாலும் அன்று அவரைப் படம் எடுக்காமல் மண்டபத்தை மட்டும் எடுத்தேன்.

அமெரிக்க வரைபடத்தில் ஒரு நேர்கோட்டைக் கீறி, அதற்கு வடக்கே அடிமை முறை இல்லை, தெற்கே உண்டு என்று அவர்கள் செய்துகொண்ட உடன்பாட்டைப் பற்றி நான் எழுதிய பகுதி ஒரு வியாழக்கிழமை வந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் தான் கீறிய புதிய ஊர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். ஊரின் கிழக்கே ஓர் ஒழுங்கை உண்டு. அதன்மேல் சிவப்பு மையில் நேர்கோடு. கோட்டுக்கு இப்பால் உள்ளவர்கள் சங்கத்தில் சேரலாம். அப்பால் உள்ளவர்கள் அயலூரார். இரண்டு அணிகளும் கை தட்டின. அவை சேர்ந்து கை தட்டியதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஒழுங்கைக்கு அப்பால் இருந்தது யார் என்று யாரும் சொல்லவில்லை. ஊருக்குத் துணி வெளுத்தவர்கள், முடி வெட்டியவர்கள், பறை அடித்தவர்கள். சாதி என்ற சொல்லை அந்த மண்டபத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தற்செயல் என்று எடுத்துக்கொண்டேன். கோடு எங்கும்தான் கீறுகிறார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது என் பையில் அடுத்த பகுதியின் புரூஃப் இருந்தது. இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இயற்றிய ஒரு விதி பற்றியது அந்தப் பகுதி. அடிமை முறையை ஒழிக்கக் கேட்டு மனுக்கள் வந்து குவிந்தன. பல பெண்கள் கையெழுத்திட்டவை. சபை ஒரு வழி செய்தது. அப்படிப்பட்ட மனு எதுவும் வாசிக்கப்படாது, அச்சிடப்படாது, விவாதிக்கப்படாது. மேசையில் வைக்கப்படும், அவ்வளவுதான். மேசை என்பது அங்கே மனுக்களின் சுடுகாடு என்று எழுதியிருந்தேன். பிறகு அந்த வரி அதிகம் என்று வெட்டியிருந்தேன்.

மைதானமா வாசிகசாலையா என்ற சண்டை முடிந்து தேத்தண்ணிக்கு எழும்பும் நேரம், பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். மிச்சத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிப் பேர் அவரிடம்தான் பிரஷர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் வாங்குகிறார்கள். கணவர் கோட்டுக்கு இப்பால், அதனால் இவரும் உறுப்பினர். ஆனால் இவர் பிறந்தது கோட்டுக்கு அப்பால்.

"தலைவர், ஒரு மனு கொண்டு வந்திருக்கிறன்."

"என்ன விசயம்?"

"மாசி மாதம் எங்கட அப்பா செத்தவர். வருடாந்த ஒன்றுகூடலிலை செத்தவையின்ரை பேர் வாசிக்கிறனீங்கள். அதிலை அவற்றை பேரும் வாசிக்க வேணும். படமும் மேசையிலை வைக்க வேணும்."

அவருடைய அப்பா ஊரில் துணி வெளுத்த கட்டாடியார், கடைசிக் காலத்தில் மகளோடு மிச்சத்தில் இருந்தவர். சாவீட்டில் பிணத்துக்கு மேலே வெள்ளை கட்டுவதும், பிரேதம் போகும் வழியில் வெள்ளைத் துணி விரிப்பதும் அவர் வேலை. அந்த ஊரில் அவர் நுழையாமல் ஒரு சாவீடும் முடிந்ததில்லை.

செயலாளர் எழுந்தார். கவுன்சிலில் கணக்காளராக இருந்தவர், செய்தி வாசிப்பவரைப் போல ஆழமான குரல். கையிலிருந்த தாளை வாசித்தார்: "ஊரைப் பிரிக்கக்கூடிய விடயங்கள் பற்றிய மனு எதுவும் வாசிக்கப்படாமலும் அச்சிடப்படாமலும் விவாதிக்கப்படாமலும் மேசையில் வைக்கப்படும் என்று செயற்குழு பிரேரிக்கிறது."

என் பையைத் தொட்டுப் பார்த்தேன். புரூஃப் உள்ளேதான் இருந்தது.   புரூஃபில் நான் எழுதியிருந்த விதியின் வரியும் செயலாளர் வாசித்த வரியும் கிட்டத்தட்ட ஒன்று. வியாழக்கிழமைதான் என்னுடையது வெளிவரும். அதைப் பார்த்தவர்கள் நானும், படிக்காமல் தட்டச்சு செய்த சென்னை இளைஞரும் மட்டும். பிரேரணை எங்கிருந்து வந்தது என்று பிறகு செயலாளரிடம் கேட்டேன். "எங்கையிருந்து வாறது? எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே" என்றார். பொய் சொல்பவரின் முகம் இல்லை அது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை.

விதி நிறைவேறியது. எதிர்த்துக் கை உயர்த்தியவர் அந்தப் பெண் மட்டும். மைதானமும் வாசிகசாலையும் மீண்டும் கை தட்டின. மனுவைச் செயலாளர் வாங்கி, தேத்தண்ணி வைத்திருந்த மேசையின் ஒரு மூலையில் வைத்தார். நான் அந்த மேசையருகே நின்றேன். ஆட்கள் வந்து கோப்பையை எடுத்தார்கள், சீனி போட்டார்கள், வெறுங்கோப்பையைத் திரும்ப வைத்தார்கள். மேசை நிறைந்து கோப்பைகள் ஒன்றையொன்று முட்டின. மனு இருந்த மூலையைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாகவே கிடந்தது. யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்க்காமலே எல்லோருடைய கையும் விலகியது. மேசையை மடிக்கும்போது மண்டபக் காவலாளி, அவர் வெள்ளைக்காரர், அந்தத் தாளை எடுத்து யன்னல் கட்டையில் வைத்தார்.

ட்ராம் தரிப்பிடத்தில் அந்தப் பெண் நின்றார். என்னைக் கண்டதும் அவரே கதைத்தார்.

"அண்ணை, நீங்கள்தானே அமெரிக்காக் கதை எழுதுறது?"

"ஓம்."

"வாசிக்கிறனான். மருந்து எடுக்க வாற சனம் காத்துக்கொண்டு நிக்கேக்கை வாசிக்கட்டும் எண்டு கடையிலை போடுறனான். ஒருத்தரும் தொடுறேல்லை. நான்தான் வாசிக்கிறது."

பையிலிருந்த புரூஃபை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. என்னைத் தவிர வேறொருவரும் அதைக் காண வேண்டும் போல இருந்தது. நின்றபடியே வாசித்தார். ட்ராம் ஒன்று வந்து போனது. அவர் ஏறவில்லை.

"இது இன்னும் வெளியிலை வரேல்லை என்ன?"

"இல்லை."

புரூஃபை இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு, "அப்பான்ரை செத்தவீட்டுக்கு உவையள் ஒருத்தரும் வரேல்லை" என்றார். "அது பரவாயில்லை. லண்டன்தானே, வேலை எண்டு சொல்லலாம். ஆனால் வெள்ளை கட்ட ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் கட்டின மனிசனுக்குக் கட்ட ஆரும் இல்லை. நான் ரூற்றிங் கடையொண்டிலை துணி வாங்கி நானே கட்டினனான். கட்டின முடிச்சு அவிழ்ந்து அவற்றை நெஞ்சிலை விழுந்திட்டுது. சின்னனிலை எத்தினை தரம் பாத்தனான், எப்பிடிக் கட்டுறது எண்டு பாக்காமல் விட்டிட்டன்."

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்: "அங்கை பிறகு என்ன நடந்தது?"

சொன்னேன். சபையில் ஒரு கிழவர் இருந்தார். முன்பு ஜனாதிபதியாகவே இருந்தவர். அவர் விடாமல் மனுக்களைக் கொண்டுவந்தார். அவர்களும் விடாமல் மேசையில் வைத்தார்கள். ஒருநாள் அவர் மனு கொடுக்கவில்லை. சபாநாயகரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: அடிமைகளே கையெழுத்திட்ட ஒரு தாள் என்னிடம் இருக்கிறது, அது இந்த விதிக்குள் வருமா? சபை கொந்தளித்தது. அவரைக் கண்டிக்க வேண்டும் என்றார்கள். கண்டிப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தொடங்கியதும், பேசக்கூடாது என்று தாங்களே சட்டம் போட்ட விசயத்தை நாட்கணக்காகத் தாங்களே பேசினார்கள்.

"கண்டிச்சவையோ?"

"இல்லை. கடைசியிலை விட்டிட்டினம்."

"விதி?"

"சில வருசம் கழிச்சு எடுத்திட்டினம்."

புரூஃபை மடித்து என்னிடம் தந்தார். அடுத்த ட்ராமில் ஏறிப் போனார். கிழவரின் கதையை நான் எழுதாமல் தள்ளிப்போட்டேன். அதற்குப் பதிலாக வங்கிச் சண்டையை இழுத்துக்கொண்டு போனேன். எழுதினால் நடந்துவிடும் என்று நம்பினேனா? நம்பவில்லை. ஆனாலும் எழுதவில்லை.

வருடாந்த ஒன்றுகூடல் இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். இம்முறை ஒரு பாடசாலையின் மண்டபம். வெளியே மழை இருட்டு. மின்விளக்குகள் ஆட்கள் அசைந்தால் எரியும், அசையாமல் இருந்தால் தானாக அணைந்துவிடும். அவர்கள் வழக்கம் இது: மேடைக்குக் கீழே வெள்ளை விரித்த மேசையில் அந்த வருடம் செத்தவர்களின் படங்கள் மாலையோடு நிற்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். செயலாளர் ஒவ்வொருவரையும் மரண அறிவித்தல் பாணியில் வாசிப்பார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டிருந்த காலஞ்சென்ற இன்னார் என்று. பெயர் முடிந்து அவர் மூச்சு எடுக்கும் இடைவெளியில் மண்டபம் முழுவதும் ஒரே குரலில் "சாந்தி" என்று சொல்லும். அவ்வளவு பேர் மெதுவாகச் சொல்லும்போது அது மனிதக் குரலாகக் கேட்காது. கதிரைகளுக்கு அடியிலிருந்து வருவதுபோல இருக்கும்.

பெயர்கள் வாசிக்கப்பட்டன. சாந்தி, சாந்தி என்று மண்டபம் சொன்னது. கடைசிப் பெயர் முடிந்தது. யாரும் உட்காரும் முன்னே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. கையில் ஒரு படம், கண்ணாடி உள்பக்கமாக நெஞ்சோடு.

"தலைவர், மனு இல்லை. விதி பற்றி ஒரு கேள்வி."

விதி என்றதும் தலைவர் நிமிர்ந்தார். அவரால் அந்தச் சொல்லைத் தட்ட முடியாது. "கேளுங்கோ."

"செத்த ஆக்களே கையெழுத்து வைச்சு ஒரு மனு வந்தால், அது அந்த விதிக்குள்ளை வருமோ?"

தலைவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாக் குரல்களும் ஒன்றாக வந்தன.

"உதென்ன கேள்வி!"

"செத்தது எப்பிடியடி கையெழுத்து வைக்கும்?"

"வைச்சிருக்கெண்டு நான் சொல்லேல்லை. எடுப்பியளோ எண்டுதான் கேட்டனான்" என்றார் அவர்.

"பேயைக் கூட்டி வந்து நிப்பாட்டப் போறாள்!"

"தலைவர், அவவை இருக்கச் சொல்லுங்கோ!"

தெற்கு அணியில் ஒருவர் படங்கள் இருந்த மேசையைக் காட்டிக் கத்தினார்: "இவையளுக்குப் பக்கத்திலை அந்தாளின்ரை படமோ? எங்கட ஐயாவுக்கு வெள்ளை கட்டின ஆள்!"

"எங்கட அம்மாவுக்கும் அவர்தான் கட்டினது, அதுக்காகப் பேர் வாசிக்கிறதோ?" என்றார் வடக்கு அணிக்காரர்.

"எங்கட பெரியப்பாவின்ரை செத்தவீட்டிலை மழைக்குள்ளை துணி விரிச்சவர், அதுக்கென்ன இப்ப?"

"ஷெல் விழுந்த அண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை, அந்த மனிசன்தான் வந்தது. ஆனால் அது வேறை, இது வேறை!"

ஒவ்வொருவரும் மறுப்பதற்காகத்தான் பேசினார்கள். மறுக்க மறுக்க, கத்தியவர்களுடைய தாய் தகப்பன்மாரின் சாவீடுகள் ஒவ்வொன்றாக மண்டபத்துக்குள் வந்தன. எல்லாவற்றிலும் அந்த ஒரு மனிதர், கையில் வெள்ளையோடு. சொன்னவர்களுக்கே தாங்கள் என்ன சொல்கிறோம் என்று தெரியவில்லை. நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். 

தலைவர் மேசையில் தட்டினார். "உறுப்பினரைக் கண்டிச்சுத் தீர்மானம் கொண்டு வரலாம். ஆனால் முறையாக் கொண்டு வாங்கோ. என்ன பிழை எண்டு எழுத்திலை வேணும். எழுதாமல் வாக்கெடுக்கேலாது."

செயலாளர் நின்றபடியே எழுதினார். மண்டபம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்திருந்தார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பிற்பகல் முழுவதும் ஒரே பாணியில் வாசித்த குரல், அதே தாளத்தில்தான் வந்தது.

"தீர்மானம். எமது ஊரைப் பிறப்பிடமாகவும் மிச்சத்தை வதிவிடமாகவும் கொண்டிருந்த காலஞ்சென்ற" என்று தொடங்கி அந்த மனிதரின் முழுப்பெயரையும் தகப்பன் பெயரோடு வாசித்தார். "அவர்கள்" என்றும் சேர்த்தார். அடுத்த வரிக்கு மூச்சு எடுத்தார்.

"சாந்தி" என்றது மண்டபம்.

வடக்கும் சொன்னது, தெற்கும் சொன்னது. தலைவரின் உதடு அசைந்ததை நான் கண்டேன். செயலாளர் தாளைப் பார்த்தபடி நின்றார். எமது ஊர் என்று தானே எழுதியிருந்ததை அப்போதுதான் கண்டிருக்க வேண்டும். மீதி வரியை அவர் வாசிக்கவில்லை. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. இருமல்கூட இல்லை. அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள், நின்றார்கள். விளக்குகள் அணைந்தன.

மழை வெளிச்சத்தில் மேசையிலிருந்த படங்களின் கண்ணாடிகள் மட்டும் தெரிந்தன. நின்றவர்களுக்கு முகம் இல்லை. எவர் உயிரோடு நிற்கிறவர், எவர் மேசையில் இருக்கிறவர் என்று ஒரு கணம் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. கையை அசைத்தால் விளக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அசைக்கவில்லை.

விளக்கு எரிந்தபோது அந்தப் பெண் நடந்துகொண்டிருந்தார். மேசைக்குப் போய், படங்களுக்கு நடுவே இரண்டை மெல்ல விலக்கி, அப்பாவின் படத்தை வைத்தார். மாலை கொண்டுவந்திருக்கவில்லை. திரும்பிப் போய்த் தன் கதிரையில் இருந்தார். அப்போதுதான் மற்றவர்களும் இருந்தார்கள்.

தலைவர் நிகழ்ச்சி நிரலைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "அடுத்தது, விளையாட்டு மைதானம்" என்றார். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செய்தியை எழுதினேன். ஒன்றுகூடல் நடந்தது, தலைவர் உரையாற்றினார், கீழ்க்கண்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டு அஞ்சலி செலுத்தப்பட்டது என்று வழக்கமான செய்திதான். ஆசிரியர் விரலால் கடைசிப் பெயரில் தொட்டார்.

"உது ஆர்? சங்கம் அனுப்பின பேரிலை இல்லையே."

"வாசிச்சவை."

"நீர் உம்மடை காதாலை கேட்டனீரோ?"

"கேட்டன். சபை சாந்தி சொன்னது. அதையும் கேட்டன்."

"உமக்குச் செத்தவையைப் பற்றி எழுதச் சொன்னது என்ரை பிழை" என்றார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. பெயர் அச்சுக்குப் போனது. மறுத்தோ திருத்தக் கேட்டோ சங்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை. மறுப்பதென்றால் அந்தப் பெயரை எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்கு ஒரு பிரதி கொண்டு போனேன். கடையில் ஆள் இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாக எல்லாப் பெயர்களையும் வாசித்தார். தன் அப்பாவிடம் நேராகப் போகவில்லை. அங்கே வந்ததும் விரலை வைத்தார்.

"இனி இதை ஆரும் எடுக்கேலாதோ?"

"அச்சிலை வந்தது வந்ததுதான்."

"ஊர்ப் பேரோடை போட்டிருக்கிறியள்."

"அவை வாசிச்சபடிதான் போட்டிருக்கிறன்."

பத்திரிகையை மடித்து, விற்பனைக்கு அல்லாத பொருட்கள் வைக்கும் பின்தட்டில் வைத்தார். திரும்பி வந்து, "அமெரிக்காக் கதை எவ்வளவிலை நிக்குது?" என்று கேட்டார்.

"நிப்பாட்டப் போறன். கட்சியள் உடையிற இடத்துக்கு வந்திட்டுது. இரண்டு கட்சியும் வடக்கு வேறை தெற்கு வேறையாப் போகப் போகுது."

"பிறகு சண்டை வந்ததோ?"

"வந்தது."

"கன சனம் செத்ததோ?"

"கன சனம்."

யன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று நின்று ஆட்களை இறக்கியது. அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பேரின்ரை பேரையும் அண்ணை, அங்கை ஆர் வாசிச்சது?"

நான் படித்த புத்தகத்தில் அது இருக்கவில்லை. தெரியாது என்று சொன்னேன். வாசல் மணி அடித்தது. மருந்துச் சீட்டோடு யாரோ உள்ளே வந்தார்கள். அவர் வேலையைப் பார்க்கப் போனார்.